சட்டம் மாறியபோது நிலைத்து நின்றவர் யார்? கிரிக்கெட் மேதைகளை எதை வைத்து அளப்பது?

பன்னிரண்டாமவர் எழுதியது:

கிரிக்கெட்டின் தலைசிறந்த வீரர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் சராசரியையும் விக்கெட் எண்ணிக்கையையும் அடுக்குகிறோம். அந்த எண்கள் எந்தச் சட்டத்தின் கீழ், எப்படிப்பட்ட ஆடுகளத்தில் எடுக்கப்பட்டவை என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இழையில் அதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். என் கட்சி இதுதான்: கிரிக்கெட் ஒரே ஆட்டமாக இருந்ததே இல்லை. சட்டம் மாறிய ஒவ்வொரு முறையும் ஆட்டம் ஏறக்குறையப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. அந்தத் திருப்பங்களில் மற்றவர்கள் தடுமாறியபோது வழி கண்டுபிடித்தவர்களையே மேதைகள் என்று கொள்ள வேண்டும்.

தொடக்க காலத்தைப் பாருங்கள். எழுத்து வடிவில் நமக்குக் கிடைக்கும் முதல் சட்டத் தொகுப்பு 1744ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் மட்டையின் அகலத்துக்கு வரம்பு எதுவும் இல்லை. 1771இல் ஒயிட் என்ற ஆட்டக்காரர், ஸ்டம்புகள் முழுவதையும் மறைக்கும் அகலமுள்ள மட்டையோடு ஆட வந்தார். எதிரணியான ஹாம்பிள்டன் வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதன் விளைவாகவே நான்கேகால் அங்குலம் என்ற வரம்பு வந்தது. இன்றைக்கும் அதே நான்கேகால் அங்குலம்தான். அப்போது இருந்தவை இரண்டு ஸ்டம்புகள் மட்டுமே. 1775இல் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஜான் ஸ்மால் காத்து நின்ற இரண்டு ஸ்டம்புகளுக்கு நடுவே மூன்று முறை புகுந்து போயும் பெயில் (ஸ்டம்புகளின் மேல் வைக்கும் குச்சி) விழவில்லை. நடு ஸ்டம்பு நடப்பட்டது அதற்குப் பிறகுதான்.

பந்து வீசும் கையின் கதை இன்னும் சுவையானது. கை முழங்கைக்குக் கீழே இருக்கும்படியே பந்து வீச வேண்டும் என்றிருந்த நாளில், 1822இல், ஜான் வில்ஸ் லார்ட்ஸ் மைதானத்தில் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வீசினார். நடுவர் நோ-பால் (செல்லாத பந்து) கொடுக்கவும், வில்ஸ் பந்தைப் போட்டுவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார் என்பார்கள். 1835இல் அவர் வீசிய முறையே சட்டமாயிற்று. 1862இல் எட்கர் வில்ஷர் தோளுக்கு மேல் கையை உயர்த்தியதற்காக ஓவல் மைதானத்தில் தொடர்ந்து நோ-பால் வாங்கினார். இரண்டே ஆண்டுகளில், 1864இல், அதுவும் சட்டமாயிற்று. பதினாறு வயதுப் பையனாக டபிள்யூ. ஜி. கிரேஸ் முதல்தர ஆட்டத்தில் இறங்கியது அதற்கு அடுத்த ஆண்டு.

உயரத்திலிருந்து விரைந்து வரும் பந்தைக் கரடுமுரடான தரையில் எப்படி எதிர்கொள்வது என்பதற்கு யாரிடமும் விடை இல்லாத காலம் அது. முன்காலில் ஆடுபவர்கள் முன்காலிலேயே ஆடினார்கள், பின்காலில் ஆடுபவர்கள் பின்காலிலேயே ஆடினார்கள். பந்தின் நீளத்தைப் பார்த்து இரண்டையும் மாற்றி மாற்றி ஆடலாம் என்பதைத் தொடர்ந்து செய்து காட்டியவர் கிரேஸ். 1871ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் எடுத்தவை 2,739 ஓட்டங்கள், சராசரி 78.25. இங்கிலாந்தில் அந்தப் பருவம் முழுவதும் எடுக்கப்பட்ட முதல்தரச் சதங்கள் 17. அவற்றுள் 10 அவருடையவை. ஆனால் அவர் முதல் டெஸ்ட் ஆடியதே 1880இல், முப்பத்திரண்டு வயதில். டெஸ்ட் சராசரி 32.29. எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் அவரைக் கவனிக்காமலே கடந்துபோய்விடுவார்கள். (அவர் நடுவர்களோடு வழக்காடிய கதைகளுக்குத் தனி இழை வேண்டும், இங்கே வேண்டாம்.)

கணக்கேடு எழுதியது:

எண்களைக் குறை சொல்லித் தொடங்கிய நண்பர், கிரேஸின் பெருமையை நிறுவ எண்ணைத்தான் எடுத்துக்காட்டினார் என்பதைப் பணிவோடு சுட்டுகிறேன். குறை எண்ணில் இல்லை. எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. வெவ்வேறு காலத்து எண்களை நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. ஒருவரை, அதே சட்டத்தில் அதே ஆடுகளங்களில் ஆடிய அவருடைய காலத்தவரோடு நிறுத்திப் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தால் ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் பற்றிய விவாதம் அப்போதே முடிந்துவிடுகிறது. 52 டெஸ்டுகள், 80 இன்னிங்ஸ்கள், 6,996 ஓட்டங்கள், 29 சதங்கள், சராசரி 99.94. அவர் காலத்தின் மிகச் சிறந்த மட்டையாளர்கள் யார்? ஜார்ஜ் ஹெட்லி 60.83, ஹெர்பர்ட் சட்கிளிஃப் 60.73, வாலி ஹேமண்ட் 58.45. இந்த மூவரும் எந்தக் காலத்தில் பிறந்திருந்தாலும் அந்தக் காலத்தின் முதல் வரிசையில் இருந்திருப்பார்கள். அவர்களைவிட ஏறக்குறைய 40 ஓட்டங்கள் கூடுதலாக எடுத்தவருக்குச் சலுகை எதுவும் தேவையில்லை.

அவரை அடக்குவதற்கென்றே வகுக்கப்பட்ட பாடிலைன் தொடரைச் சொல்வார்கள். 1930இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில் 974 ஓட்டங்கள் எடுத்தவரை நிறுத்த, 1932–33இல் இங்கிலாந்து அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின் லெக் பக்கத்தில் (மட்டையாளரின் உடல் இருக்கும் பக்கம்) களத்தடுப்பாளர்களை நெருக்கமாக நிறுத்தி, ஹரால்டு லார்வுடை உடலை நோக்கி வீசச் செய்தார். லார்வுட் 33 விக்கெட்டுகள் எடுத்தார், இங்கிலாந்து 4–1 என வென்றது. அந்தத் தொடரில் பிராட்மனின் சராசரி 56.57. மற்றவர்களுக்கு அது வாழ்நாள் சாதனையாக இருந்திருக்கும். அவருக்கு அதைத் தோல்வி என்கிறோம்.

பந்துவீச்சிலும் இதே கணக்கை வைக்கலாம். இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் 27 டெஸ்டுகளில் 189 விக்கெட்டுகளை 16.43 சராசரியில் எடுத்தார் (பந்துவீச்சில் சராசரி குறைவாக இருப்பதே சிறப்பு). 1913–14இல் தென்னாப்பிரிக்காவின் பாய் விரித்த ஆடுகளங்களில் நான்கே டெஸ்டுகளில் 49 விக்கெட்டுகள். ஐந்தாவது டெஸ்டில் அவர் ஆடவில்லை. அப்படியிருந்தும் ஒரு தொடரில் அதற்கு மேல் யாரும் இன்றுவரை எடுத்ததில்லை.

இரவுக்காவலன் எழுதியது:

கணக்கேடு ஐயா, நீங்கள் காட்டிய 99.94க்குள்ளேயே ஒரு பிளவு இருக்கிறது. அந்நாளில் ஆட்டம் தொடங்கிய பிறகு ஆடுகளத்தை மழையிலிருந்து மூடிக் காப்பதில்லை. இரவு பெய்த மழையில் ஊறிய தரை மறுநாள் வெயிலில் காயும்போது மேற்பரப்பு இறுகும். உள்ளே ஈரம் நிற்கும். அதில் விழும் பந்து மண்ணைப் பெயர்த்துக்கொண்டு எழும். ஒன்று தொண்டைக்கு வரும், அடுத்தது கணுக்காலுக்குக் கீழே போகும். இந்த ஆடுகளத்தில் ஆடுவது தனிக் கலை. பந்தை மிகத் தாமதமாக, மென்மையான கையோடு, காலடியில் விழும்படி ஆட வேண்டும்; தேவையில்லாததைத் தொடாமல் விட வேண்டும்; உடம்பில் அடியும் வாங்க வேண்டும்.

இந்தக் கலையில் ஜாக் ஹாப்ஸுக்கும் சட்கிளிஃபுக்கும் இணை கிடையாது. 1926 ஓவல் டெஸ்டில் இரவு இடியோடு பெய்த மழைக்குப் பின் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்கள் காலையிலேயே வெற்றியை எதிர்பார்த்து இறங்கினார்கள். ஹாப்ஸ் 100, சட்கிளிஃப் 161, தொடக்க இணையில் 172. ஆஸ்திரேலியாவுடனான தொடரின் பரிசான ஆஷஸ் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1929 தொடக்கத்தில் மெல்போர்னில் இலக்கு 332. ஆடுகளம் மழையில் நனைந்து கெட்டுப்போய், நூறு ஓட்டங்களைக்கூடத் தாண்ட மாட்டார்கள் என்று கருதப்பட்ட நிலையில், இந்த இருவரும் தொடக்க இணையில் மட்டும் 105 எடுத்தார்கள். சட்கிளிஃப் 135 வரை நின்றார். இங்கிலாந்து மூன்று விக்கெட்டுகளில் வென்றது. அதே பயணத்தில் ஹாப்ஸ் டெஸ்ட் சதம் அடித்தபோது அவருக்கு வயது 46.

பிராட்மன் அதே வகை ஆடுகளத்தில் என்ன செய்தார்? 1934 லார்ட்ஸ் டெஸ்டில் மழைக்குப் பின் இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி ஒரே நாளில் 14 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அந்த ஆட்டத்தில் பிராட்மன் எடுத்தவை 36, 13. 1937 ஜனவரியில் மெல்போர்ன் ஆடுகளம் மழையில் கெட்டுப்போனபோது, அணித்தலைவரான அவர் ஓ'ரெய்லியையும் ஃபிளீட்வுட்-ஸ்மித்தையும் தொடக்க ஆட்டக்காரர்களாக அனுப்பிவிட்டு, தரை காய்ந்த பிறகு ஏழாவது ஆளாக இறங்கி 270 எடுத்தார். ஜாக் ஃபிங்கிள்டனோடு சேர்ந்து 346. அணித்தலைவராக அது மிகக் கூர்மையான முடிவு, ஐயமே இல்லை. ஆனால் தமக்கு எந்தத் தரை ஒத்துவராது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்பதும் அதிலிருந்து தெரிகிறது. நல்ல தரையில் ஆயிரம் ஓட்டம் வேண்டுமானால் பிராட்மனை அனுப்புவேன். மழை நின்று வெயில் ஏறும் காலையில் அணியைக் காப்பாற்ற வேண்டுமானால் ஹாப்ஸைத்தான் அழைப்பேன்.

கணக்கேடு எழுதியது:

இரவுக்காவலன் சொல்வது உண்மையே, ஆனால் ஒரு மட்டையாளர் ஆடும் நூறு இன்னிங்ஸ்களில் அப்படிப்பட்ட காலை எத்தனை முறை வரும்? அரிய நிகழ்வை அளவுகோலாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மெய்டன் ஓவர் எழுதியது:

ஸ்டம்பில் படவேண்டிய பந்தைக் காலால் தடுத்தால் ஆட்டமிழப்பு என்ற எல்.பி.டபிள்யூ. சட்டத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஆட்டத்தை அதைவிட அதிகமாக மாற்றிய சட்டம் வேறு உண்டா என்று பன்னிரண்டாமவரிடம் கேட்கிறேன்.

பன்னிரண்டாமவர் எழுதியது:

நல்ல கேள்வி, சகோதரி. 1935 வரை, பந்து இரண்டு விக்கெட்டுகளுக்கும் நேரான கோட்டில் குத்தியிருந்தால் மட்டுமே எல்.பி.டபிள்யூ. கொடுக்க முடியும். ஆஃப் ஸ்டம்புக்கு (லெக் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து ஸ்டம்பு) வெளியே குத்தி உள்ளே திரும்பும் பந்தைப் பேடால் தள்ளிவிட்டு நாள் முழுவதும் நிற்கலாம். பலர் அப்படியே நின்றார்கள். 1920களிலும் 1930களிலும் மட்டையாளர்கள் குவித்த பெரும் எண்ணிக்கைகளுக்குச் செம்மையாகத் தயாரிக்கப்பட்ட ஆடுகளங்கள் ஒரு காரணம் என்றால், இந்தச் சட்டம் இன்னொரு காரணம். 1935இல் இங்கிலாந்தில் சோதனையாகத் தொடங்கி 1937இல் நிலையான சட்டமான மாற்றத்தின்படி, ஆஃப் பக்கம் வெளியே குத்தினாலும், பேடில் படும் இடம் ஸ்டம்புகளுக்கு நேராக இருந்தால் மட்டையாளர் ஆட்டமிழப்பார். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தும் பந்துக்கு இன்றுவரை அந்த வாய்ப்பு இல்லை.

இதன் விளைவைச் சட்டம் எழுதியவர்களே எதிர்பார்த்திருப்பார்களா என்பது ஐயம். உள்ளே வரும் பந்துக்குப் பரிசு கூடியதால் ஆஃப் சுழலும் உள்நோக்கிய சுவிங்கும் பெருகின. வெளியே போகும் பந்தை வீசும் லெக் சுழல் இங்கிலாந்தில் மெல்லத் தேய்ந்தது. லெக் பக்கத்தில் நெருக்கமாக ஆட்களை நிறுத்தி வீசும் முறை 1950களில் வழக்கமாயிற்று. அந்த முறையின் உச்சம் 1956 ஓல்டு டிராஃபோர்டு: ஜிம் லேக்கர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 90 ஓட்டங்களுக்கு 19 விக்கெட்டுகள் எடுத்தார். எஞ்சிய ஒரு விக்கெட்டை எடுத்த டோனி லாக் அதே ஆடுகளத்தில் மறுமுனையிலிருந்து வீசிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால், லேக்கரின் திறம் தரையால் மட்டும் வந்ததில்லை என்பது விளங்கும். அடுத்த ஆண்டே, லெக் பக்கத்தில் மட்டையாளரின் கோட்டுக்குப் பின்னால் விக்கெட் கீப்பரைத் தவிர இருவருக்கு மேல் நிற்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. பாடிலைனுக்கு எதிராக வந்த சட்டம் என்று இதைப் பலர் எண்ணுகிறார்கள். அது அந்த முறையையும் இயலாததாக்கியது உண்மைதான், ஆனால் உடனடிக் காரணம் 1950களின் சலிப்பூட்டும் லெக் பக்கப் பந்துவீச்சு.

இடக்கைச்சுழல் எழுதியது:

இதுவரை மட்டையாளர்களின் கண்ணிலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறோம். சட்டம் மாறும்போதெல்லாம் பெரும்பாலும் கை கட்டப்படுவது பந்துவீச்சாளருக்குத்தான். முன்காலை வைத்து நோ-பால் பார்க்கும் முறை 1960களில் வந்தது. அதற்கு முன் பின்காலை வைத்துப் பார்த்ததால், காலை இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டி மட்டையாளருக்கு மிக அருகிலிருந்து வீசிய வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்தார்கள். ஆடுகளங்களை மூடிக் காக்கும் வழக்கம் நிலைபெற்றபோது இங்கிலாந்துச் சுழற்பந்து வீச்சாளர் டெரெக் அண்டர்வுட் போன்றவரின் ஆயுதம் பாதி மழுங்கியது. 1968 ஓவல் டெஸ்டில் கடைசி நாள் மழை கொட்டி மைதானம் குளமாகி, பார்வையாளர்களே இறங்கித் துடைத்து உலர்த்திய தரையில் அவர் 50 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்து, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது வென்று கொடுத்தார். இன்று அப்படியொரு தரை அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

பிறகு தலைக்கவசம். 1977இல் கெர்ரி பாக்கர் தனியாக நடத்திய உலகத் தொடரில் டென்னிஸ் ஏமிஸ் அணிந்து வந்தார். 1978இல் பிரிட்ஜ்டவுனில் கிரஹாம் யாலப் டெஸ்டில் முதன்முதலாக அணிந்தார். பத்தாண்டுகளுக்குள் எல்லாரும் அணிந்தார்கள். விவியன் ரிச்சர்ட்ஸ் கடைசிவரை அணியவில்லை. தொப்பியோடு நின்று 8,540 ஓட்டங்கள் எடுத்தார். அவர் சொந்த அணியின் வேகப்பந்து வீச்சாளர்களை டெஸ்டில் சந்திக்க நேரவில்லை என்ற பழைய வாதத்தை யாராவது எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆஸ்திரேலியாவின் லில்லியையும் தாம்சனையும் பாகிஸ்தானின் இம்ரானையும் அவர் சந்தித்திருக்கிறார்.

மேற்கிந்தியத் தீவுகள் 1980 முதல் 1995 வரை ஒரு டெஸ்ட் தொடரையும் இழக்கவில்லை. அந்த ஆதிக்கத்தின் நடுவே, 1991இல், ஒரு மட்டையாளருக்கு ஓவருக்கு ஒரு பவுன்சர் (குத்தித் தலைக்கு எழும் பந்து) என்ற கட்டுப்பாடு வந்தது. பின்னர் அது ஓவருக்கு இரண்டாகத் தளர்ந்தது. யாரைக் குறிவைத்து வந்த சட்டம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். கட்டுப்பாடு இல்லாத காலத்தில் ஆடிய மால்கம் மார்ஷல் 376 விக்கெட்டுகள், சராசரி 20.94. தம் ஆட்டக்காலத்தின் பெரும்பகுதியைக் கட்டுப்பாட்டுக்குள் கழித்த கர்ட்லி ஆம்ப்ரோஸ் 405 விக்கெட்டுகள், சராசரி 20.99. பவுன்சரே அவர்களின் பலம் என்று எண்ணியவர்களுக்கு இந்த இரண்டு எண்களே மறுமொழி. நல்ல நீளத்தில் விழுந்து விலாவுக்கு ஏறும் பந்துக்கு எந்தச் சட்டமும் தடை போட முடியாது.

பாகிஸ்தானியர் கண்ட வழி வேறு. பந்து பழசானால் மட்டையாளருக்கு நிம்மதி என்பதே அதுவரை ஆட்டத்தின் ஒழுங்கு. ஒரு பக்கத்தைப் பளபளப்பாகவும் மறுபக்கத்தைச் சொரசொரப்பாகவும் வைத்து, பழைய பந்தை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளைக்கும் ரிவர்ஸ் சுவிங்கைச் சர்ஃப்ராஸ் நவாஸ் கையாண்டார். 1979இல் மெல்போர்னில் 33 பந்துகளில் ஒரே ஓட்டம் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அதை இம்ரான் கற்று, வாசிமுக்கும் வக்காருக்கும் கொடுத்தார். வக்கார் யூனிஸின் 373 டெஸ்ட் விக்கெட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை பௌல்டும் எல்.பி.டபிள்யூ.வும்தான். உயிரற்ற தரையில் தரையையே நம்பாமல் வீசக் கற்றதுதான் அவர்களின் மேதைமை. பன்னிரண்டாமவரின் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

மெய்டன் ஓவர் எழுதியது:

இடக்கைச்சுழலார் சுழலைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. முரளிதரன்?

இடக்கைச்சுழல் எழுதியது:

வேண்டுமென்றே தள்ளி வைத்தேன், ஏனென்றால் அவர் பெயரை எடுத்தாலே இழை வேறு பக்கம் போய்விடும். சுருக்கமாகச் சொல்கிறேன். 1995 டிசம்பரில் மெல்போர்னில் டேரல் ஹேர் அவருக்கு ஏழு முறை நோ-பால் கொடுத்தார். அதுவரை, பந்து வீசும்போது முழங்கை நீளக் கூடாது என்பதை நடுவரின் கண்ணே தீர்மானித்தது. ஆய்வகத்தில் வேகக் கேமராக்களை வைத்து அளந்தபோது, ஐயத்துக்கே இடமில்லாதவர்கள் என்று கருதப்பட்ட பலரின் கையும் சிறிது நீள்வது தெரியவந்தது. 2005 முதல் எல்லா வகைப் பந்துவீச்சாளர்களுக்கும் 15 பாகை என்ற பொது வரம்பு வந்தது. முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்போர், பழைய சட்டத்தை எழுத்துப்படி எடுத்திருந்தால் வேகப்பந்து வீச்சாளர்கள் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

கணக்கேடு எழுதியது:

133 டெஸ்டுகளில் 800 விக்கெட்டுகள், சராசரி 22.72. ஷேன் வார்ன் 145 டெஸ்டுகளில் 708, சராசரி 25.41. முரளியின் விக்கெட்டுகளில் 170க்கும் மேற்பட்டவை ஜிம்பாப்வே, வங்கதேச அணிகளிடம் எடுத்தவை என்பதைக் கழித்துப் பார்ப்பது நேர்மை. கழித்தாலும் அவர் சராசரி வார்னைவிடச் சற்று மேலாகவே நிற்கிறது. வார்னுக்கு மறுமுனையில் மெக்ரா இருந்தார். முரளிக்கு வாஸ் இருந்தார், ஆனால் பெரும்பாலான நாள்களில் சுமை முழுவதும் முரளியின் தோளில்தான். அதே காரணத்தால் அவருக்கு விக்கெட் எடுக்கும் வாய்ப்பும் கூடியது என்பது வார்ன் பக்கத்தார் வாதம். 1998 ஓவல் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 16 விக்கெட்டுகள் எடுத்தவருக்கு வாய்ப்பைக் காரணம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் லெக் சுழல் அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட காலத்தில், 1993இல் மைக் கேட்டிங்குக்கு வீசிய ஒரு பந்தால் அதை மீட்டு வந்தவர் வார்ன். ஆட்டத்தின் போக்கை மாற்றியவர் என்ற வகையில் அவருக்கே முதலிடம் கொடுப்பேன்.

மெய்டன் ஓவர் எழுதியது:

நண்பர்கள் எல்லாரும் ஆண்களின் ஆட்டத்தை மட்டுமே ஆட்டம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். முதல் மகளிர் டெஸ்ட் 1934 டிசம்பரில் பிரிஸ்பேனில் நடந்தது. முதல் உலகக் கோப்பையை நடத்தியவர்களும் பெண்களே: 1973இல், ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக. ஒருநாள் ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதம் 1997இல் பெலிண்டா கிளார்க் எடுத்த 229 நாட் அவுட்.

கணக்கேடு சொன்ன முறையிலேயே ஒருவரைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன் ஆடக் கிடைத்தவை 11 டெஸ்டுகள். மட்டைச் சராசரி 57.46; 68 விக்கெட்டுகள், பந்துவீச்சுச் சராசரி 11.80. 1958இல் மெல்போர்னின் செயின்ட் கில்டா மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 7 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள், அதில் ஒரு ஹாட்ரிக். இரண்டாவது இன்னிங்ஸில் சரியாக 100 ஓட்டங்கள். மேலும் 4 விக்கெட்டுகள். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் அவர்தான். ஆண்களில் அதை முதலில் செய்த இயன் போத்தம் அதற்கு 1980 வரை காத்திருந்தார். சோபர்ஸையும் இம்ரானையும் பேசும் பட்டியல்களில் வில்சனின் பெயர் எங்கே?

எனவே பன்னிரண்டாமவரின் அளவுகோலோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சட்டம் மாறியபோது யார் நின்றார்கள் என்பதோடு, யாருக்கு ஆட இடம் கொடுக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

இரவுக்காவலன் எழுதியது:

மெய்டன் ஓவர் தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இந்தப் பேச்சில் வழக்கமாக எடுக்கப்படும் பெயர்கள் கிரேம் பொல்லாக், பாரி ரிச்சர்ட்ஸ், மைக் பிராக்டர். நிறவெறி அரசின் காரணமாக 1970 முதல் 1991 வரை தென்னாப்பிரிக்கா ஒதுக்கி வைக்கப்பட்டதால், ரிச்சர்ட்ஸ் ஆடியவை நான்கே டெஸ்டுகள் (508 ஓட்டங்கள், சராசரி 72.57), பிராக்டர் ஏழு டெஸ்டுகளில் 41 விக்கெட்டுகள். இழப்புத்தான். ஆனால் பொல்லாக்கின் 60.97ஐ ஹெட்லியின் 60.83க்கு மேல் வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒதுக்கி வைக்கப்படுவதற்கு முன்பு தென்னாப்பிரிக்கா டெஸ்ட் ஆடியது இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அணிகளோடு மட்டுமே. மேற்கிந்தியத் தீவுகளின் ஹாலையும் கிப்ஸையும் இந்தியாவின் பேடியையும் பொல்லாக் டெஸ்டில் சந்திக்கவே இல்லை. சந்திக்க அந்நாட்டின் ஆட்சி விடவில்லை. அதே நாட்டில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அந்த மூன்று அணிகளும்கூடக் கிடைக்கவில்லை. பேசில் டொலிவேரா நாட்டை விட்டு வெளியேறி, முப்பது வயதைக் கடந்த பிறகே இங்கிலாந்துக்காக ஆட முடிந்தது. 1968 ஓவலில் 158 எடுத்த அவரை இங்கிலாந்து அணியில் ஏற்கத் தென்னாப்பிரிக்க அரசு மறுத்ததால்தான் அந்த அணியின் தென்னாப்பிரிக்கப் பயணமே நின்றுபோனது. அவர் வெளியேறினார், வெளியேற முடியாதவர்களின் சராசரி எந்த ஏட்டிலும் இல்லை.

ஹெட்லிக்கும் இதே கணக்கு உண்டு. 1930 முதல் 1954 வரை நீண்ட ஆட்டக்காலத்தில் அவருக்குக் கிடைத்தவை 22 டெஸ்டுகள். போர் ஒரு காரணம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு அந்நாளில் வாய்த்த தொடர்கள் குறைவு என்பது இன்னொரு காரணம். 1939 லார்ட்ஸ் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்த இந்த மனிதருக்கு, அணித்தலைமை 1948இல் ஒரே ஒரு டெஸ்டுக்கு வாய்த்தது. ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைவராக, 1960–61இல் ஃபிராங்க் வொரெல் ஆஸ்திரேலியா செல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டாமவர் எழுதியது:

மெய்டன் ஓவர் சேர்த்த அளவுகோலை முழு மனதோடு ஏற்கிறேன். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருகிறேன். 1986இல் இம்ரான் கான் வலியுறுத்தியதால், பாகிஸ்தான்–மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டில் இந்திய நடுவர்கள் இருவர் நின்றார்கள். ஆடும் இரு நாடுகளையும் சாராத பொதுநடுவர் முறைக்கு அதுவே வித்து. 2008இல் இலங்கையில் நடந்த இந்தியாவுடனான தொடரில், நடுவரின் முடிவைக் கருவிகளைக் கொண்டு மறுஆய்வு செய்யும் டி.ஆர்.எஸ். சோதித்துப் பார்க்கப்பட்டது. பந்து ஸ்டம்பில் படும் என்று கருவி காட்டத் தொடங்கிய பிறகு, முன்காலை நீட்டி நின்றால் நடுவர் ஐயத்தின் பயனைத் தருவார் என்ற பழைய பாதுகாப்புப் போய்விட்டது. விரல் சுழலுக்கு அது மறுவாழ்வு.

டெண்டுல்கரை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 1989இல் தொடங்கி 2013இல் முடித்த அவர் ஆட்டக்காலத்துக்குள் பவுன்சர் வரம்பு, பொதுநடுவர், 15 பாகை, டி.ஆர்.எஸ். என்று எல்லாமே வந்து சேர்ந்தன. 200 டெஸ்டுகள், 15,921 ஓட்டங்கள் என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 2004 சிட்னி டெஸ்ட்: கவர் டிரைவ் ஆடப் போய்த் தொடர்ந்து ஆட்டமிழந்துகொண்டிருந்தவர், அந்த அடியையே ஒதுக்கி வைத்துவிட்டு 241 நாட் அவுட் எடுத்தார். தமக்கே ஒரு சட்டம் எழுதிக்கொண்டு அதற்குள் நின்று ஆடியது அது.

இரவுக்காவலன் எழுதியது:

டி.ஆர்.எஸ். என்றதும் எனக்கு 1957 எட்ஜ்பாஸ்டன் நினைவுக்கு வருகிறது. முதல் இன்னிங்ஸில் 49 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்த மேற்கிந்தியத் தீவுகளின் சுழற்பந்து வீச்சாளர் சன்னி ராமாதினை, இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்தின் பீட்டர் மேயும் காலின் கௌட்ரியும் என்ன செய்தார்கள்? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே முன்காலை நீட்டி, மட்டையைப் பேடுக்கு ஒட்டி வைத்துக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமலே காலால் தடுத்தார்கள். இணையாக 411 ஓட்டங்கள். ராமாதின் 98 ஓவர்கள் வீசி இரண்டே விக்கெட்டுகள் எடுத்தார்; எத்தனையோ முறை முறையிட்டும் நடுவர் விரலை உயர்த்தவில்லை. ஆட முயலாமல் பேடால் தடுப்பவரை, பந்து ஸ்டம்புக்கு வெளியே பேடில் பட்டாலும் ஆட்டமிழக்கச் செய்யும் மாற்றம் 1970களின் தொடக்கத்தில்தான் வந்தது. அந்தச் சட்டமும் இன்றைய கருவியும் அன்று இருந்திருந்தால் ராமாதினின் பெயரை நாம் லேக்கருக்குப் பக்கத்தில் எழுதியிருப்போம். மேயின் 285 நாட் அவுட்டை எந்த மதிப்பில் வைப்பது என்று கணக்கேடு ஐயாதான் சொல்ல வேண்டும்.

கணக்கேடு எழுதியது:

285 நாட் அவுட் என்ற மதிப்பில்தான். அன்றைய சட்டம் இரு அணிகளுக்கும் ஒன்றே. ராமாதினை வெல்ல அந்தச் சட்டத்துக்குள் ஒரு வழி இருப்பதைக் கண்டு, அதைத் துணிந்து செயலாக்கி, பத்து மணி நேரத்துக்குச் சற்றேறக்குறைய நின்றார் மே. பன்னிரண்டாமவரின் அளவுகோலின்படியே அவர் தேறுகிறார். இரவுக்காவலனுக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.